ராசி தெரிந்தால் மாதம் படிக்கலாம்: நகோன் சி தம்மராத் நாட்குறிப்பு

அக்டோபர் 4

பாங்காக்கில் இறங்கித் தெற்கே குடியேற வருபவருக்கு இரவு ரயில் வசதி. குருங்தேப் அபிவாத் நிலையத்தில் மாலையில் ஏறினால் மறுநாள் முற்பகல் தெற்குத் தாய்லாந்தின் நகோன் சி தம்மராத். 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கீழ்ப் படுக்கை அகலம் கூடுதல், விலையும் சற்றுக் கூடுதல். மூட்டை முடிச்சோடு வருபவர் மேல் படுக்கையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கிளைப்பாதையின் கடைசி நிலையம் இதுதான் என்பதால் தூங்கிப்போனாலும் ஊர் தப்பாது.

பெயரைப் பிரித்தால் பாதி தமிழ்க் காதுக்குப் பழக்கமானது: நகரம், ஸ்ரீ, தர்மராஜா. ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியலில் வரும் மாதமாலிங்கம் இந்தப் பக்கத்துத் தாம்பிரலிங்க நாடுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. ராச்சதம்னேன் சாலையில் ஈசுவரனுக்கும் நாராயணனுக்கும் எதிரெதிரே சின்னக் கோயில் மண்டபங்கள் இன்றும் இருக்கின்றன.

ஊர் ஒரு பழைய மணல் திட்டின் மேல் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் முதுகெலும்பு ராச்சதம்னேன் சாலை. வடக்குப் பாதியில் ரயிலடியும் தா வாங் சந்தையும், தெற்கே மகாதாத் விகாரை. நீலநிறச் சொங்தேவ் இந்தச் சாலையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். பின்புறம் இரண்டு பெஞ்சு போட்ட வண்டி. கையைக் காட்டினால் நிற்கும், மணியை அழுத்தினால் இறங்கலாம், காசை இறங்கிய பிறகு ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பிடித்த அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியது டி.எம். 30 ரசீது. வெளிநாட்டவர் தன் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது, 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரரின் கடமை. அபராதமும் அவருக்குத்தான். ஆனால் மாகாண ஊர்களில் பல வீட்டுக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. மேலும், ரசீது இல்லாததால் கஷ்டப்படப்போவது நீங்கள். வங்கி, ஓட்டுநர் உரிமம், விசா நீட்டிப்பு எல்லாமே பிறகு இந்தத் தாளைக் கேட்டுத்தான் தொடங்கும். எனவே அவருக்கு வேலை வைக்காமல் நீங்களே தாள்கட்டைத் தயார் செய்துவிடுங்கள்: அவருடைய அடையாள அட்டை நகல், தபியன் பான் எனப்படும் வீட்டுப் பதிவேட்டின் நகல், வாடகை ஒப்பந்தம், உங்கள் பாஸ்போர்ட்டின் படப் பக்கமும் நுழைவு முத்திரைப் பக்கமும். வீட்டு நகல்களில் அவர் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல்களில் உங்கள் கையெழுத்து. கையெழுத்து இல்லாத நகலை இந்த நாட்டில் எந்த அலுவலகமும் தொடாது. படிவத்தின் அடித்துண்டுதான் ரசீது. அதை பாஸ்போர்ட்டில் பின் அடித்து வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறும் முன் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை, 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோருக்கும் கட்டாயம். வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி.

அக்டோபர் 5

சாவி வாங்கும் முன் மின்சாரத்தைப் பற்றி ஒரு கேள்வி: பில் நேராக மாகாண மின்வாரியத்திலிருந்து வருகிறதா, வீட்டுக்காரர் கணக்குப் போட்டுத் தருகிறாரா? வாரிய விலை யூனிட்டுக்குச் சுமார் 4 பாட். வரிசை அறைகளில் 7, 8 பாட் வாங்குவது சாதாரணம். 12,000 பிடியு ஏசி இரவு முழுக்க ஓடினால் மாதம் சுமார் 200 யூனிட். யூனிட்டுக்கு 4 பாட் வித்தியாசம் என்றால் ஏசிக்கு மட்டும் மாதம் 800 பாட். 500 பாட் வாடகை குறைவு என்று எடுத்த அறை இப்படித்தான் அதிக விலைக்கு வந்து நிற்கும்.

அடுத்து மீட்டரின் முகத்தைப் பாருங்கள். 5(15) என்று போட்டிருந்தால் அது தாங்குவது 15 ஆம்பியர். குளியலறையில் சுவரில் மாட்டிய வெந்நீர் ஹீட்டர் 3,500 வாட் என்றால், 220 வோல்ட்டில் அது மட்டுமே 16 ஆம்பியர் இழுக்கும். அதனுடன் ஏசியும் ஓடினால் பிரேக்கர் விழும், அல்லது விழாமல் ஒயர் சூடாகும். இரண்டாவது மோசம். 15(45) மீட்டர் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லி ஒப்பந்தத்துக்கு முன் பேசுங்கள், பிறகு யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஹீட்டருக்குத் தனிப் பிரேக்கரும் எர்த் கம்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஹீட்டரில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் குளிக்காதீர்கள்.

தனி வீடுகளில் தண்ணீர் தொட்டியும் தானியங்கி பம்பும் இருக்கும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஊர் அடங்கிய பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பம்ப் தானாக முனகி நின்றால் எங்கோ கசிவு. பத்தில் எட்டு முறை கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் அடி ரப்பர்தான் காரணம். தொட்டியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கால் மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். பேசினுக்குள் மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் ரப்பர் போய்விட்டது. கட்டடச் சாமான் கடையில் வாங்கி நீங்களே மாட்டிவிடலாம். மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், தண்ணீரும் நிற்கும். ஒரு வாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

குடிதண்ணீருக்குத் தெருவோர இயந்திரம், லிட்டருக்கு ஏறக்குறைய 1 பாட். வெயிலில் நிற்கும் இயந்திரத்தைத் தவிருங்கள், குழாய் வாயில் பச்சை படிந்திருக்கும். வடிகட்டி மாற்றிய தேதி ஒரு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அந்தத் தேதியைப் படிக்கத் தெரிய வேண்டுமே, அது நாளை மறுநாள்.

அக்டோபர் 6

சிம் கார்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கான பொட்டலமாக வாங்க வேண்டாம், நாள் கணக்கு முடிந்ததும் எண்ணும் போய்விடும். நிறுவனக் கடைக்கே பாஸ்போர்ட்டோடு போய்ச் சாதாரண பிரீபெய்ட் எண் வாங்குங்கள், உங்கள் பெயரில். நண்பர் பெயரில் உள்ள எண்ணை வங்கிச் செயலி பின்னால் ஏற்காது.

வங்கிக் கணக்கு கிளை மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒரே வங்கியின் ஒரு கிளை முடியாது என்னும், சந்தைக்கு எதிரே உள்ள இன்னொரு கிளை அரைமணியில் திறந்து தரும். பாஸ்போர்ட், நீண்டகால விசா அல்லது வேலை அனுமதி, டி.எம். 30 ரசீது எடுத்துப்போங்கள். மறுத்தால் வாதாடாமல் அடுத்த கிளை. கணக்கு கிடைத்துவிட்டால் நம் யுபிஐ போன்ற பிராம்ப்ட்பே கியூஆர் வழியாக 10 பாட் வாழைப்பழம்கூட வாங்கலாம். அதுவரை ரொக்கம்தான். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும், அதனால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். காலைச் சந்தையில் 1,000 பாட் நோட்டை நீட்டினால் முகம் மாறும். முதலில் செவன் இலெவனில் உடைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் விலை கிலோவுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். கீத் என்றால் 100 கிராம். மிளகாய், பூண்டு, இறால் எல்லாம் கீத் கணக்கில் வரும். பத்து என்று கேட்டதைக் கிலோவுக்கு என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். நகைக்கடையில் பாட் என்பது எடை. ஒரு பாட் நகை 15.16 கிராம், ஏறக்குறைய இரண்டு பவுன். தூய்மை 96.5 சதம், அதாவது நம் 916-ஐவிடக் கூடுதல்.

அக்டோபர் 7

புதிதாக வந்த மற்ற நாட்டவர்கள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்வதைத் தமிழர் அரைநாளில் முடித்துவிடலாம். தாய் மாதப் பெயர்கள் பன்னிரண்டும் ராசிகள்.

ஜனவரி மகராகொம், அதாவது மகரம். பிப்ரவரி கும்பாபன், மார்ச் மீனாகொம், ஏப்ரல் மேசாயோன், மே புருத்சபாகொம் என்னும் ரிஷபம், ஜூன் மிதுனாயோன், ஜூலை கரகடாகொம் என்னும் கடகம், ஆகஸ்ட் சிங்காகொம், செப்டம்பர் கன்யாயோன், அக்டோபர் துலாகொம், நவம்பர் புருத்சஜிகாயோன் என்னும் விருச்சிகம், டிசம்பர் தன்வாகொம் என்னும் தனுசு. கொம் என்று முடிந்தால் 31 நாள், யோன் என்று முடிந்தால் 30 நாள். பிப்ரவரிக்கு மட்டும் தனி வால். ஏப்ரல் நடுவில் சூரியன் மேஷத்தில் நுழையும்போது அவர்களுக்கு சொங்க்ரான், நமக்குச் சித்திரை.

கிழமைகளும் அப்படியே: ஆதித்யன், சந்திரன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனி. முன்னால் வன் என்று சேர்த்தால் போதும். வன் ஆதித் ஞாயிறு, வன் புத் புதன், வன் சுக் வெள்ளி.

தடுமாறும் இடம் சுருக்கெழுத்து. பில்லிலும் பால் பொட்டலத்திலும் மாதத்தை இரண்டு எழுத்தில்தான் அச்சடிப்பார்கள். நான்கு மாதங்கள் ம எழுத்தில் தொடங்குகின்றன. வெறும் ம வந்தால் ஜனவரி. ம-வின் தலையில் ஈ குறி இருந்தால் மார்ச். தலையில் இ குறி இருந்தால் ஜூன். ம-வுக்கு முன்னால் ஒரு கொம்பு நின்றால் ஏப்ரல், தமிழில் மே எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறதே, அதே மாதிரி. இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஆண்டு பௌத்த ஆண்டு: 543 கழிக்க வேண்டும், 2569 என்றால் 2026. லேபிளில் கடைசி இரண்டு இலக்கம்தான் இருக்கும், அதில் 43 கழித்தால் போதும். 69 என்றால் 26. பொட்டலத்தில் இரண்டு தேதி இருந்தால் பலித் என்பது தயாரித்தது, மொட் ஆயு என்பது ஆயுள் முடிவது. அந்த ஆயு நம் ஆயுள்தான். இறக்குமதிப் பொருளில் ஆங்கில ஆண்டும் இருக்கலாம் என்பதால், 20-களில் உள்ள எண்ணையும் 60-களில் உள்ள எண்ணையும் குழப்பாதீர்கள்.

நேரம் இதைவிடச் சிக்கல். நாளை ஆறு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துப் பேசுவார்கள். ஏசி பழுது பார்ப்பவர் பாய் சொங் என்றால் பிற்பகல் 2. பக்கத்து வீட்டார் சாம் தும் என்று விருந்துக்கு அழைத்தால் மூன்று மணி இல்லை, இரவு 9. தீ சாம் என்றால் அதிகாலை 3. சந்தேகம் வந்தால் போனில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

காலை 8-க்கும் மாலை 6-க்கும் ரயிலடியிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், ஒரு நிமிடம்தான்.

அக்டோபர் 11

காலையில் கனோம் ஜீன் கடை. இடியாப்ப மாவைப் புளிக்கவைத்து நீளமாகப் பிழிந்த மாதிரி அரிசி நூடுல், மேலே மீனும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் அரைத்த நாம் யா குழம்பு. மேசையில் ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய், முந்திரிக் கொழுந்து, முளைப்பயறு, ஊறுகாய் வைத்திருப்பார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. தெற்கத்திக் காரம் நம் காரத்துக்குக் குறைந்ததில்லை. ஆந்திரக் காரம் சாப்பிட்டவன் என்று பெருமை பேசாமல் முதலில் ஒரு கரண்டி. கேங் தை பிளா மட்டும் எச்சரிக்கை: ஊறவைத்த மீன் குடலில் செய்த குழம்பு. பிடித்தவர் விடமாட்டார், பிடிக்காதவர் வாசனைக்கே எழுந்துவிடுவார்.

சைவர்களுக்கு இரண்டு சொற்கள். மங்சவிராத் என்பது மாம்ச விரதி, சொல் இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் முட்டை வரும், கவனக்குறைவில் மீன் சாறும் வரும். ஜே என்பது கடுமையானது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 மாதிரி இருக்கும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள், பெரும்பாலும் அக்டோபரில், தெருவெல்லாம் இந்தக் கொடி பறக்கும். மற்ற நாட்களில் மை சை நாம் பிளா, அதாவது மீன் சாறு போடாதே என்பதைப் பாத்திரம் அடுப்பில் ஏறும் முன்பே சொல்ல வேண்டும். கறிவிழுதில் இறால் விழுது ஏற்கெனவே அரைபட்டிருக்கும் என்பதால் சிவப்பு, பச்சைக் குழம்புகளுக்கு இது பயன்படாது. வதக்கிய காய், சாதம் என்று கேட்பதே பத்திரம்.

வீட்டுச் சமையலுக்கு: மல்லிகை அரிசி நம் குழம்புக்குக் குழையும். சாவ் ஹாய் என்று கேட்டு வாங்கினால் உதிரியாக வேகும். சிவப்பரிசிக்கு அடுத்த மாகாணமான பத்தலுங்கின் சங்யொத். தோல் நீக்கிய பாசிப்பருப்பு இனிப்புகளுக்குப் பயன்படுவதால் எந்தச் சந்தையிலும் உண்டு. உளுந்து, பெருங்காயம் பாங்காக்கிலிருந்து அஞ்சலில் வரவேண்டும். தேங்காய்ப்பால் கண்முன்னே பிழிந்து கிலோ கணக்கில் தருவார்கள், தண்ணீர் சேர்க்காமல் கேளுங்கள்.

இந்த மாதம் இன்னொன்றும் கண்ணில் படும். பத்தாம் சந்திர மாதத் தேய்பிறையில் முன்னோருக்குப் படைக்கும் சாத் துவன் சிப், செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். நம் மகாளய பட்சத்தின் அதே நாட்கள். நூல் நூலாக வார்த்த கனோம் லா பலகாரம் அப்போதுதான் மலிவு.

அக்டோபர் 20

ஓட்டுநர் உரிமம். 13-ம் 23-ம் அரசு விடுமுறை, இடையில் போவதுதான் புத்தி. முதல் உரிமம் 2 ஆண்டுக்கு: காருக்கு 205 பாட், மோட்டார் சைக்கிளுக்கு 105. பாஸ்போர்ட், குடிவரவு அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்று, கிளினிக்கில் எடுத்த மருத்துவச் சான்று தேவை. இரண்டு சான்றையும் 30 நாளுக்குள் எடுத்ததாகக் கொண்டுபோங்கள். வசிப்பிடச் சான்று கேட்கும் இடத்தில் முதலில் கேட்பது எது? டி.எம். 30.

ஊரிலேயே எடுத்த சர்வதேச அனுமதி கையில் இருந்தால் பெரும்பாலும் உடல் சோதனைகளோடு முடியும்: நிறம் பிரித்தறிதல், பிரேக் மிதிக்கும் வேகம், ஓரப் பார்வை, இரண்டு குச்சிகளை ஒரே கோட்டில் நிறுத்தும் ஆழப் பார்வை. கடைசியில்தான் பலர் தோற்கிறார்கள், கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே செய்யலாம். அனுமதியில் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை இல்லாவிட்டால் அது காருக்கு மட்டும்தான். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிப்பது இந்த இடத்தில்தான்.

சாலை நமக்கு இடப்பக்கம், பழக்கம்தான். ஒன்றே ஒன்று தலைகீழ்: எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்தால், நீ போ என்று வழிவிடுவதாக நினைக்காதீர்கள். நான் வருகிறேன், நில் என்கிறார். ஹெல்மெட் இல்லையென்றால் அபராதம் 2,000 பாட் வரை.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அரசு மருத்துவமனைப் பதிவு ஜன்னலில் காலை 7 மணிக்கு நில்லுங்கள். முதல்முறை பாஸ்போர்ட்டைக் காட்டி நோயாளி எண் வாங்கினால் அது வாழ்நாள் எண், அட்டையைத் தொலைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் 1669, காவல் 191, மின்தடை 1129, மாகாணக் குழாய்த் தண்ணீர் வாரியம் 1662. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.

நவம்பர் 12

வழிகாட்டிப் புத்தகங்கள் நவம்பரைத் தாய்லாந்தின் வறண்ட, இதமான மாதம் என்னும். அது வடக்குக்கு. இந்தக் கரைக்கு மழை நம் ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில்தான். 1962 அக்டோபரில் ஹாரியட் புயல் இந்த மாகாணத்தின் தலும்புக் முனையை அழித்து 900-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1988 நவம்பரில் பிபூன் பக்கம் மலைச்சரிவில் வெட்டிப்போட்ட மரங்களோடு வெள்ளம் இறங்கிக் கிராமங்களை மூடியது. அதற்குப் பிறகுதான் 1989 ஜனவரியில் நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டத் தடை வந்தது.

நகரத்துக்கு மேற்கே காவோ லுவாங் மலை, கிழக்கே கடல், நடுவில் மணல் திட்டு. மலையில் பெய்த தண்ணீர் திட்டின் இருபுறத் தாழ்வை நிரப்பிக்கொண்டுதான் கடலுக்குப் போகும். ஆகவே வீடு ராச்சதம்னேன் சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு இறக்கத்தில் என்பது வாடகையைவிட முக்கியம். திட்டின் மேலேயும் சில ஆண்டுகள் தண்ணீர் நிற்பதுண்டு. மதில் சுவரில் பழுப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் நாம் துவம் துங் நை, வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையால் முழங்காலையோ இடுப்பையோ காட்டுவார்கள். அதைவிட நம்பகமான அளவு வேறில்லை.

தண்ணீர் வாசலுக்கு வரும் முன் கீழ்த்தளப் பிரேக்கரை இறக்குங்கள், பம்பைக் கழற்றி மேலே ஏற்றுங்கள். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் போன தண்ணீர் பிஸ்டன் தண்டை வளைத்துவிடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் எண்ணெய் மாற்றுங்கள். பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், ரசீதுகள் காற்றுப்புகாத டப்பாவில், அலமாரியின் மேல்தட்டில். பூஞ்சை வெள்ளத்தைவிட அமைதியாக வேலை செய்யும்.

டிசம்பர் 16

பாங்காக்கில் நுழைவு முத்திரை விழுந்தது அக்டோபர் 3. இறங்கிய நாளும் ஒரு நாள் என்பதால் 90 நாள் விசா டிசம்பர் 31-ல் முடிகிறது. அன்று அரசு விடுமுறை, மறுநாளும் விடுமுறை. டிசம்பர் 5-ம் 10-ம் ஏற்கெனவே போய்விட்டன. கடைசி வாரத்துக்குத் தள்ளினால் கூட்டமும் விடுபட்ட தாளும் சேர்ந்துகொள்ளும். விசா நீட்டிப்புக்குக் குடிவரவு அலுவலகத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போங்கள். முடிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட், உச்சம் 20,000.

நீட்டிப்புக்கான டி.எம். 7 படிவம், 4க்கு 6 சென்டிமீட்டர் படம், 1,900 பாட், ஒவ்வொரு நகலிலும் நீலப் பேனாக் கையெழுத்து. பணக்கணக்கு காட்டும் விசா என்றால் வங்கிப் புத்தகத்தை அன்று காலையிலேயே ஏதாவது ஒரு சிறு தொகை போட்டுப் பதிந்து, அதே தேதியிட்ட வங்கிக் கடிதத்தோடு போங்கள். நேற்றைய பதிவுக்குத் திருப்பி அனுப்பிய அலுவலகங்கள் உண்டு.

இங்கேதான் ஒரு கணக்குப் பிசகு பலருக்கு நடக்கிறது. நாட்டில் தங்கியிருப்பவர் 90 நாளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும்; முதல் நீட்டிப்பு விண்ணப்பமே முதல் 90 நாள் அறிவிப்பாகக் கொள்ளப்படும். அடுத்த ஆண்டு நீட்டிப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நீட்டிப்பு வாங்கிவிட்டோமே என்று இருந்தால் 90 நாள் அறிவிப்பு தவறிப்போய் 2,000 பாட் அபராதம். அந்த அறிவிப்புக்கான டி.எம். 47 படிவத்தைக் கெடு நாளுக்கு 15 நாள் முன்னும் 7 நாள் பின்னும் கொடுக்கலாம், இலவசம். அடுத்த தேதியை அவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின் அடித்துத் தருவார்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் மறுநுழைவு அனுமதியை இன்றே வாங்குங்கள்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும். அடுத்து வரும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து, டி.எம். 30-லிருந்து தொடங்க வேண்டும்.